கோட்டுப் பையில் மஞ்சள் தோட்டா

அந்தத் துணிக்கடையின் மூன்றாவது மாடியில், கழிப்பறைக்குப் போகிற வழியில், யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்றே அமைத்ததுபோல ஒரு கவுன்ட்டர் இருந்தது. வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்கிற இடம். அதன் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் போய், "அளவு சரியில்லைங்க, பிரிக்கவே இல்லை" என்று யாராவது சொன்னால் அவள் பதில் பேசமாட்டாள். சட்டையை உதறுவாள். அக்குள் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோவாள். பிறகு காலரின் உள்பக்கம். பிறகு பைக்குள் விரலை விட்டு மூலைவரைக்கும் துழாவுவாள். "இந்தச் சட்டை ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வந்திருக்கு. சென்ட்டும் தாராளமா அடிச்சிருக்கீங்க" என்பாள். வந்தவர் முகத்தில் ஈயாடாது. கடை ஆட்கள் அவள் முதுகுக்குப் பின்னால் மோப்பம் என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அவளுக்குத் தெரியாமல் அந்த மாடியில் ஒரு பட்டன்கூட அறுந்து விழ முடியாது.

பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை, பாவம். கட்டியவன் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலையில் இருந்தான். இவள் சட்டையை மூன்றாக மடித்துப் பெட்டியில் வைப்பாள். திரும்பி வரும்போது அதே சட்டை துவைத்து நாலாக மடித்திருக்கும். கேட்டதற்கு லாட்ஜில் மடித்துக் கொடுத்தார்கள் என்றான், அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பார்த்தால் அது லாட்ஜும் இல்லை, ஒன்றும் இல்லை. தனி வீடு, அதில் ஒருத்தி, அவளுக்கு ஒரு குழந்தை. குழந்தைக்குப் பல்கூட முளைத்துவிட்டிருந்தது. அவன் துரோகம் செய்தது ஒருபக்கம் இருக்கட்டும், அந்த நாலு மடிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டைவிட்டோமே என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. அவனை விவாகரத்துப் பண்ணி அனுப்பியதிலிருந்து கண்கொத்திப் பாம்பாக ஆகிவிட்டாள். பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரித்தால் கடன் கேட்கப்போகிறாள். கூடவே இருந்த தங்கச்சியையும் விடவில்லை, அவள் ஒருநாள் காலையில் சொல்லாமல் காபி போட்டுக் கொடுத்ததற்கு, "எதை உடைச்ச? சொல்லிடு" என்று கேட்டவள் இவள்.

இப்படிப்பட்டவளின் கவுன்ட்டருக்குத்தான் அந்த லிஃப்ட்காரர் வந்தார்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. ஒரு சட்டையை மேஜைமேல் வைத்து, "ஒருதடவை போட்டுட்டேங்க. நண்பர் வீட்டு விசேஷத்துக்கு. கையைத் தூக்கினா இறுக்குது. எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்குங்க, இல்லைன்னா பரவாயில்லை" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மையைச் சொல்லி எவனாவது சட்டையைத் திருப்புவானா? மோந்து பார்த்தாள். அவர் சொன்னபடியே வியர்வை. பையைத் துழாவினாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றதும் சந்தேகம் இன்னும் கெட்டியாயிற்று. முடியாது என்று சொல்லிவிட்டாள். "சரிங்க, நன்றி" என்று சட்டையை மடித்துக்கொண்டு போனார். நன்றியாமே! எதற்கு நன்றி? அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

கடையின் லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்கிற வேலையும் அவருக்குத்தான் என்பது பிறகு தெரிந்தது. அது அடிக்கடி நிற்கிற லிஃப்ட். நிற்கும்போதெல்லாம் வருவார், வந்தால் மூன்றாவது மாடியில் ஒரு டீ குடிப்பார். மனைவி இறந்து பல வருஷம் ஆயிற்று, பிள்ளைகள் இல்லை. டீயும் பேச்சுமாக ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் டீக்கப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்னங்க?" என்று கேட்டுவிட்டார்.

வீட்டில் தங்கச்சி குதித்தாள். "அக்கா, தயவுசெய்து அந்த மனுஷனையும் மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பிடாத."

"பார்க்க நல்லாத்தான் இருக்காரு. அதான் பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமையானா எங்கேயோ போறாரு. எங்கன்னு கேட்டா தட்டு சுடப் போறேன்கறாரு. தட்டை எதுக்கு மனுஷன் சுடணும்? எனக்கே காது குத்தறாரு."

"நேரா போய்ப் பாரேன்."

போனாள். ஊருக்கு வெளியே, பழைய கல்குவாரியை ஒட்டி ஒரு திடல். அங்கே நிஜமாகவே தட்டுதான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மண்தட்டை ஒரு மெஷின் காற்றில் எறிகிறது; துப்பாக்கிக்காரர் "விடு!" என்று கத்தி, பறக்கிற தட்டைச் சுடுகிறார், பட்டால் அது கறுப்புத் தூளாகச் சிதறுகிறது. லிஃப்ட்காரர் சுட்டதில் பெரும்பாலும் சிதறியது. அவளுக்குள் என்னவோ கிளுகிளுத்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்: "நானும் கத்துக்கறேன். என்னைக்கு ஒரு தட்டை உடைக்கிறேனோ, அன்னைக்கு உங்களுக்குப் பதில் சொல்றேன்."

தட்டிக்கழிக்கத்தான் சொன்னாள். அவரோ வரம் கிடைத்ததுபோலத் தலையாட்டினார். திடலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. இனிமேல் ஒரு மண்தட்டு உடைந்தால்தான் அந்த மனுஷனுக்கு விடிவு.

கற்றுக்கொடுக்கிறவருக்கு அங்கே தாடி என்று பேர். முகம் மொழுமொழுவென்று இருந்தது. "தாடி எங்கே?" என்றாள். "ஒருகாலத்துல இருந்துச்சு மேடம், எடுத்துட்டேன்" என்றார். எதற்காக எடுத்தாரோ, யாரிடமிருந்து தப்பிக்க எடுத்தாரோ என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

தாடி மூன்று துப்பாக்கிகளை மேஜையில் வரிசையாக வைத்தார். "இது பன்னெண்டு கேஜ், இது இருபது, இது நானூத்திப் பத்து."

அவள் குனிந்து குழாய் வாய்களைப் பார்த்தாள். பன்னிரண்டு என்றதுதான் எல்லாவற்றிலும் பெரிசாக இருந்தது. நானூற்றுப் பத்து என்றது சுண்டுவிரல் நுழையாத ஒட்டடைக்குச்சி. "என்னங்க கணக்கு இது? நம்பர் பெருசாகப் பெருசாக ஓட்டை சின்னதாகுது? யார் தலையில மிளகாய் அரைக்கிறீங்க?"

"அப்படி இல்ல மேடம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னெண்டு உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை என்ன அகலமோ, அதுதான் பன்னெண்டு கேஜோட வாய். அதையே இருபது உருண்டையா உருட்டினா?"

"உருண்டை சின்னதாகும்."

"அவ்வளவுதான்."

"அப்ப நானூத்திப் பத்து உருண்டையா?"

தாடி தலையைச் சொறிந்தார். "இல்ல, அது மட்டும் வேற கணக்கு. அது குழாய் வாயோட அகலத்தையே அங்குலத்துல சொல்றது."

"பாத்தீங்களா!" என்றாள் வெற்றியோடு.

புதுசாக வருகிறவர்கள் அந்த ஒல்லிக் குழாயின் அழகில் மயங்குவார்களாம். ஆனால் அதன் தோட்டாவில் சிதறிப் பாய்கிற ஈய ரவைகள் குறைவு. பழகினவர்களுக்கே தட்டு தப்பிப்போகும் என்றார் தாடி. அதைத் தள்ளிவைத்தாயிற்று. மிச்சம் பன்னிரண்டா இருபதா என்பதுதான். அதுவரை சும்மா இருந்த லிஃப்ட்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பன்னெண்டே எடுத்துக்குங்களேன். துப்பாக்கி கனம். சுடும்போது பின்னால வர்ற உதையை அதுவே வாங்கிக்கும். லேசான தோட்டா போட்டா ஒண்ணும் தெரியாது. இருபது கையில லேசு, ஆனா லேசா இருக்கறதாலேயே உதையை உங்க தோள்ல இறக்கிடும்."

பெரிய குழாய் மெதுவாக உதைக்கும், சின்னக் குழாய் பலமாக உதைக்குமா? இது என்ன தலைகீழ் நியாயம்? தன்னிடம் எதையோ பூசி மெழுகுகிறார்கள் என்று அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தாடி வேறு குழியில் கால் வைத்தார். "அதோட மேடம், ஒரே வீட்ல ரெண்டு சைஸ் கூடாது. இருபது கேஜ் தோட்டாவை மஞ்சளா வச்சிருக்கறதே மாறிப்போனா ஆபத்துங்கறதாலதான். மறந்துபோய் அதைப் பன்னெண்டு குழாய்க்குள்ள போட்டா உள்ளே வழுக்கிப் போய்ப் பாதி வழியில சிக்கிக்கும். மேல இருந்து பார்த்தா தெரியாது. அதுக்குப் பின்னால பன்னெண்டோட சிவப்புத் தோட்டா ஒண்ணைப் போட்டுச் சுட்டா குழாய் வெடிச்சுக் கை போயிடும். அதனால இந்தத் திடல்ல சட்டம், ஒரு பாக்கெட்ல ரெண்டு கலர் இருக்கக்கூடாது. புருஷன் பெண்டாட்டின்னா, ஒரே சைஸா வச்சுக்கறதுதான் நல்லது."

"யாரு புருஷன், யாரு பெண்டாட்டி?" என்று எகிறினாள். "இருபதைக் குடுங்க."

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

இருபது உதைத்தது. முதல் வெடியிலேயே தோள்பட்டையில் யாரோ ஓங்கிக் குத்தியதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பிரமாதம்" என்றாள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் வீக்கம். தங்கச்சி ஒத்தடம் கொடுக்க வந்தால் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்ததும் போனாள். ஒரு தட்டும் உடையவில்லை. மற்றவர்களுக்கு மெதுவாக எறிகிற மெஷின் தனக்கு மட்டும் வேகமாக எறிகிறது என்றாள். தோட்டாவில் ரவை இல்லையோ என்று ஒன்றைக் குலுக்கிப் பார்த்தாள். தாடி பக்கத்தில் நின்று தோட்டா போட்டுத் தருகிறேன் என்றபோது, "வேண்டாம், எனக்குக் கையிருக்கு" என்று தோட்டாப் பெட்டியை இடுக்கிக்கொண்டாள். அவர் எதைப் போட்டுத் தொலைப்பாரோ, யார் கண்டது? லிஃப்ட்காரரை மட்டும் பக்கத்தில் நிற்க விட்டாள். அவர் ஒவ்வொரு தட்டும் முழுசாகப் போய்ப் புல்லில் விழுவதைப் பார்த்து, "அடுத்தது உடைஞ்சிடும்" என்பார். அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்க அவளுக்குப் பாவமாக இருக்கும். பாவமாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருக்கும்.

ஒரு வாரநாளில் கடை லிஃப்ட் நின்றுபோய் அவர் வந்தார். திடலுக்கும் வேலைக்கும் போட்டுக்கொள்கிற கோட்டைக் கழற்றி அவளுடைய கவுன்ட்டரில் வைத்துவிட்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கினார். மேஜைமேல் ஒரு துணி கிடந்தால் அவள் கை சும்மா இருக்குமா? வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக இல்லை. கை தானாகப் போய் இடப்பக்கப் பையின் மூலைவரைக்கும் துழாவிற்று. விரலில் உருளையாக ஒன்று பட்டது. எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் தோட்டா.

 இவர் சுடுவது சிவப்பு. தன் தோட்டாப் பெட்டியிலிருந்து ஒன்றும் குறையவில்லை, தினமும் பார்க்கிறாள். அப்படியென்றால் இந்த மஞ்சள் யாருடையது? இருபது கேஜ் சுடுகிற இன்னொருத்தி இருக்கிறாள். வேறு திடலோ, வேறு கிழமையோ, ஆனால் இருக்கிறாள். ஒரு சட்டைப் பையில் லிப்ஸ்டிக் கிடைத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு தெளிவாக விஷயம் புரிந்திருக்காது. கோட்டை அப்படியே மூன்றாக மடித்து வைத்தாள். தோட்டாவைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் வந்து கோட்டை எடுத்தபோது வேறு யாருடைய சட்டையையோ உதறிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அதைத் தங்கச்சி முன்னால் எடுத்து வைத்தாள்.

"அவர்கிட்டயே கேளேன் அக்கா."

"அவன்கிட்டயும் கேட்டேன். லாட்ஜுன்னான்."

"இவர் அவரில்லையே."

"எல்லாரும் ஆரம்பத்துல அவனில்லைதான்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் விஷயம். பிடிக்காமல் இருந்திருந்தால் இந்த மஞ்சள் குழாயைக் குப்பையில் எறிந்துவிட்டுத் தூங்கியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் நேராக அவரிடம் போனாள். எல்லாரும் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்கவில்லை. தோட்டாவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "உங்க கோட்டுப் பையில இருந்தது. யாரு அவ?"

அவர் திருதிருவென்று விழித்தார். "எவ?"

"இருபது கேஜ்காரி."

"நீங்கதான்" என்றார் அவர்.

தாடி ஓடிவந்தார். "மேடம், மேடம், அது நான் குடுத்தது! அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

திருப்பினாள். பித்தளை அடியின் நடுவில் ஏற்கெனவே குத்து விழுந்திருந்தது. சுட்டுத் தீர்ந்த பழைய கூடு. உள்ளே பஞ்சை அடைத்து வாயை மடித்திருந்தார்கள். கையில் வைத்தாலே லேசாக இருந்தது. ஊரார் துணியையெல்லாம் மோந்து பார்க்கிறவள், இதை ஒருதடவை திருப்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் என்று கண்டதோடு அவளுடைய சோதனை முடிந்துவிட்டிருந்தது. அவள் காது சூடாயிற்று.

"இதுக்குப் பேர் டம்மி" என்றார் தாடி. "சுடறவங்களுக்குத் தெரியாம நிஜத் தோட்டாவோட இதைக் கலந்து போடுவோம். எது வரும்னு அவங்களுக்குத் தெரியாது. இது வந்தா வெடிக்காது. அப்ப துப்பாக்கி ஆடுதா இல்லையான்னு பார்த்தா குறை எங்கேன்னு புரிஞ்சிடும். நீங்கதான் என்னைத் தோட்டாவைத் தொட விடலையே. அதான் அவர்கிட்டக் குடுத்து, நீங்க போடுங்கன்னேன். குடுத்து எத்தனை வாரம் ஆச்சு! போடவே மாட்டேங்கறார்."

அவள் அவரைப் பார்த்தாள். "ஏன் போடல? தட்டு உடைஞ்சாத்தானே உங்களுக்குப் பதில்?"

"உங்களுக்குத் தெரியாம உங்க துப்பாக்கியில ஒண்ணைப் போடறதா?" என்றார் அவர். "எனக்கு மனசு வரலைங்க. பதில் வராட்டி வராம போகட்டும்னு விட்டுட்டேன்."

 அவள் தாடியிடம் தோட்டாவைக் கொடுத்து, "போடுங்க. எனக்குத் தெரிஞ்சே போடுங்க. எது எப்பன்னு மட்டும் சொல்லாதீங்க" என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள்.

முதலில் வெடித்தது. தட்டு தப்பியது. இரண்டாவதும் வெடித்தது, தப்பியது. மூன்றாவது தடவை "விடு!" என்றாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஆனால் குழாய் முனை தரையைப் பார்த்துச் சட்டென்று இறங்கியது. கண் இறுக மூடியிருந்தது, தோள் முன்னால் பாய்ந்திருந்தது, பல்லைக் கடித்திருந்தாள். எந்த உதையும் வரவில்லை. வராத உதைக்கு அவள் உடம்பு முழுக்கச் சுருண்டு போயிருந்தது. மெஷினில் குற்றமில்லை, ரவையில் குற்றமில்லை. ஒவ்வொரு தடவையும் உதைக்கு முன்னாலேயே அவளே குழாயை இறக்கியிருக்கிறாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இத்தனை நாளா நான்தானா?" என்றாள்.

"பழகாம லேசான துப்பாக்கியை எடுத்தா இப்படித்தான் மேடம். உடம்பு ஒருதடவை அடிவாங்கினா மறக்காது" என்றார் தாடி.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் யார் அவள்? மோப்பமாயிற்றே! அப்படியே விட்டுவிட முடியுமா? துப்பாக்கியை லிஃப்ட்காரரிடம் நீட்டினாள். "இப்ப நீங்க. தோட்டா நான் போடறேன். அந்தப் பக்கம் பாருங்க."

"நானா?" என்று சிரித்தார். "நான் வருஷக்கணக்கா சுடறவன்."

"அதையும் பார்த்துடலாம். இந்தத் தட்டு முடிஞ்ச கையோட என் பதிலைச் சொல்றேன்."

அவர் சிரிப்பு நின்றுபோயிற்று. திடலைப் பார்த்து நின்றார். அவள் தோட்டாவைப் போட்டுக் குழாயை மூடினாள். கனத்த மனுஷன், ஆடாத தோள், அசையாத கால். தொண்டையைச் செருமிக்கொண்டு "விடு!" என்றார்.

டிக்.

குழாய் முனை மண்ணைக் கொத்துகிற மாதிரி விழுந்தது. அவளுடையதைவிட மோசம். ஒரு கால் எடுத்து முன்னால் வைத்தே விட்டார். இந்தத் தடவை திடலே சிரித்தது. தாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நெற்றி முழுக்க வியர்த்திருந்ததை அவள்தான் கிட்டத்தில் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன பயம்?" என்றாள் மெதுவாக.

"வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு" என்றார். "ஒரு வருஷமா அந்தப் பயந்தாங்க. உங்க கவுன்ட்டருக்கு வரும்போதெல்லாம் பயம்தான்."

இத்தனை நாள் தான் மட்டும்தான் அடிக்குப் பயந்து நிற்கிறோம் என்று நினைத்திருந்தாள் அவள். எதிரில் நிற்கிறவனுக்கும் தோள் இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.  அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். குழாயைத் திறந்து, டம்மியை எடுத்து, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தாள்.

"இந்த இருபது எனக்கு வேண்டாம்" என்றாள் தாடியிடம். "பன்னெண்டு குடுங்க. லேசான தோட்டாவோட."

தாடிக்குப் புரியவில்லை. "எடுத்துக்கலாம் மேடம். ஆனா இன்னும் தட்டே உடையலையே, அதுக்குள்ள எதுக்கு…"

"தட்டு கிடக்கட்டும். ஒரே வீட்ல ரெண்டு சைஸ் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

லிஃப்ட்காரருக்குப் புரிந்துவிட்டது.  கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளப் போனவருக்குக் கை நுழைக்கிற ஓட்டையே அகப்படவில்லை. அவள் பிடித்துப் போட்டுவிட்டாள். போட்டுவிட்ட கையோடு இடப்பக்கப் பையில் விரலை விட்டு மூலைவரைக்கும் துழாவினாள். வலப்பக்கப் பையையும் பார்த்தாள். ஒன்றுமில்லை. மேஜையில் கிடந்த மஞ்சள் டம்மியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "இனிமே உங்க பையில நான் பார்க்கும்போது சிவப்பு மட்டும்தான் இருக்கணும். தினமும் பார்ப்பேன்."

"பாருங்க" என்றார் அவர். "தினமும் பாருங்க."